பதினேழாம் நம்பர் பல்லி

திருடன் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும்படி ஒரு காவல்காரனுக்கு நான் பயிற்சி கொடுத்து வைத்திருந்தேன். அது வெளியே வந்தது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, என்னுடைய மூன்றாவது இட்லியின் நடுவில்.

காவல்காரன் என்றால் ஆள் இல்லை, ஒரு வலைத்தளம். நாமக்கல்லில் ஆரம்பித்துக் கொல்லிமலை உச்சி வரை இருபத்திரண்டு வீடுகளிலும் கடைகளிலும் சோப்பு டப்பா அளவில் ஒவ்வொரு பெட்டி தொங்குகிறது. அங்கே கதிர்வீச்சு எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி, இணையத்தில் இருக்கும் வரைபடத்துக்கு அனுப்பும். பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். நாங்கள் பெட்டியைக் கொடுப்போம்; ஆணியும் கரண்டும் பொறுமையும் அவர்களுடையது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வருவதால் மலைக்காரர்கள் அதற்குப் பல்லி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏதாவது பேசும்போது டிக் என்றால், "பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அறிவியலை வளர்க்க வைத்தோம். சகுனம் வளர்ந்தது.

இதையெல்லாம் நடத்துபவர் என் முதலாளி ஹேமலதா மேடம். நாமக்கல்லில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, காணாமல் போன முட்டை லாரிகளையும் கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைகளையும் விசாரித்துக்கொண்டிருக்கிறோமே என்ற குறைக்கு, இந்தப் பல்லிகள் பிராயச்சித்தம். நான் கார்த்தி. அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்குபவன், அப்புறம் வலைத்தளத்தை மேம்படுத்துபவன். கடைசி வேலையில்தான் சனி.

மழை பெய்தால் காற்றில் இருப்பது கீழே இறங்கி, பல்லிகள் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். உடனே இருபத்திரண்டு பேரும் எனக்கு போன் போடுவார்கள். மிக்ஸி ஓடினால் ஒன்று கத்தும், வயர் லூஸானால் இன்னொன்று கத்தும். பொறுக்க முடியாமல் போன மாதம் ஒரு வடிகட்டி எழுதினேன். வழக்கமான அளவு நிமிடத்துக்கு இருபத்தைந்து டிக். ஐம்பதைத் தாண்டினால் அது கருவிக் கோளாறு, வரைபடத்தில் காட்டாதே. அன்றிலிருந்து படம் பச்சைப் பசேல் என்று இருந்தது. நெற்பயிர் கூட அவ்வளவு பச்சையாக இருக்காது.

திங்கட்கிழமை, கீழே சமவெளியில் ஒரு வேலைத்தளத்திலிருந்து ஒரு கருவி காணாமல் போனது. குழாயில் போட்ட வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுக்கிற கருவி. அதன் வயிற்றுக்குள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஓர் உலோகத் துண்டு. பளபளப்பாக இருக்கிறதே என்று எவனாவது அதைத் தனியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், பை இருந்த பக்கத்தில் அவனுக்கு உடம்பு இருக்காது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் போன் செய்து, "உங்க பல்லிங்க எதாச்சும் பாத்துச்சா?" என்று கேட்டார். நான் பச்சைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்க சார், சுத்தம்" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

"கார்த்தி," என்றார் மேடம் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "புதன்கிழமை மத்தியானம் காரவள்ளி டீக்கடைப் பல்லி பதினோரு நிமிஷம் எங்க போச்சு?"

"எங்கயும் போகாதுங்க மேடம். ஆணியில தொங்குது."

"ஒண்ணு நாப்பத்திரண்டுல இருந்து ஒண்ணு அம்பத்தி மூணு வரைக்கும் அளவே இல்ல. ரெண்டு இருவதுக்கு முப்பத்தெட்டாவது வளைவுல நாலு நிமிஷம் இல்ல. மூணு அஞ்சுக்குச் செம்மேட்டுல கால் மணி நேரம் இல்ல. ஓட்டை மலை ஏறுது பாரு. வரிசையா, பஸ் டைம்ல."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். வடிகட்டியைத் திறந்து, அது தூக்கி எறிந்ததையெல்லாம் எடுத்துக் காட்டினேன். காரவள்ளியில் நிமிடத்துக்கு முந்நூறு. செம்மேட்டில் இருநூற்றுப் பத்து. அடுத்த வரியை விரலை வைத்துப் படித்தேன். எடப்புளி நாடு, பதினேழாம் நம்பர் பல்லி: நாலு மணி பத்து நிமிடத்திலிருந்து தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து நாற்பது, தொள்ளாயிரத்து இருபது. நாலு நாற்பதோடு மூச்சே இல்லை.

"பதினேழு யாரோடது?"

"எங்க அக்காவோட காட்டுக் கொட்டாய்ங்க," என்றேன்.

எங்கள் அக்கா அத்தாயி. எனக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டார். பதினெட்டு வயதில், கல்யாணமான கையோடு, என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனவள். மாமா சின்னராசு அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமா பொதுவாகவே ஒரு வார்த்தை சொல்கிற ஆள் இல்லை.

"நாலு நாப்பதுக்கு ஏன் நின்னுச்சு?"

வாட்ஸாப்பை நீட்டினேன். புதன்கிழமை மாமா அனுப்பியிருந்தார்: 'மாப்ள, பல்லி ஓயாம கத்துது. கடுகு பொரியற மாதிரி. அங்க உனக்கு எதாச்சும் தெரியுதா?' நான்: 'ஒண்ணும் தெரியல மாமா.' அவர்: 'ஒண்ணுமே தெரியலையா?' நான்: 'இல்ல மாமா. வயரைப் புடுங்கி உடுங்க.' கூடவே, கையெடுத்துக் கும்பிடும் பொம்மை ஒன்று.

மேடம் அதை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மாமா எடுத்தார்.

"மாமா, அக்கா எங்க?"

"இங்கதான் மாப்ள. சாப்புட்டியா?"

"இங்கன்னா எங்க? ஊட்லயா?"

"காட்டுக் கொட்டாயில இருக்கா. மொளகு பாத்துக்கறா."

"கொட்டாய்லயா? எப்ப இருந்து?"

"இப்பத்தான். புதன்கெழம இருந்து."

"மாமா, உடனே அவளை வெளிய கூப்புடுங்க! அந்தக் கொட்டாய்ல யாரோ ஒரு சாமானை ஒளிச்சு வெச்சிருக்காங்க. விஷம் மாமா! ராதிகாவையும் கொழந்தையையும் அந்தப் பக்கமே உடாதீங்க!"

"கொழந்தைய உடறதில்ல மாப்ள," என்றார் மாமா நிதானமாக. "நீ வெயில்ல அலையாத." போன் வைக்கப்பட்டது.

ராதிகா அக்காவின் மகள். ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் நான் ஒரு கும்பிடு பொம்மையால் கொன்றுகொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மேடம் பைக்கை எடுத்தார். டிரைவர் நான்தான் என்றாலும், சாவியை என்னிடம் தரவில்லை. பின்னால் உட்கார்ந்து, கையில் எடுத்துப்போகும் அளவுப்பெட்டியை, எங்கள் கைப்பல்லியை, மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேகமா போங்க மேடம்."

"போறேன்."

"இன்னும் வேகமா."

"நாம காரவள்ளியில நின்னுட்டுத்தான் போறோம். என்னத்த தேடறோம்னு தெரியாம மேல போனா, ஒருத்தருக்குப் பதிலா மூணு பேரு."

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி டீக்கடை வெங்கிடுசாமி மூன்றாம் நம்பர் பல்லியின் சொந்தக்காரர். நேரே ஒரு கேள்வியைக் கேட்டால் அவர் நேரே ஒரு டீயை வைப்பார்.

"புதன்கெழம மத்தியானம், ஒண்ணு அம்பத்தஞ்சு பஸ்ஸுக்கு முன்னாடி, இந்தப் பெஞ்சுல யாருங்க உக்காந்திருந்தது?" என்று கேட்டார் மேடம்.

"பஸ்ஸுக்கு வார ஆளுங்கதானுங்க."

"பத்து நிமிஷம் உக்காந்த ஆளு."

"அதுங்களா..." கிளாஸைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். "ஏனுங்க, நானு என்ற கடையில யாருக்கும் தனி டம்ளர் வெக்கறதில்லீங்க. அத மொதல்ல எழுதிக்கங்க."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. ஆனா அந்தம்மா அதுவாவே ஒரு டம்ளர் கொண்டாந்துச்சுங்க. மூஞ்சியெல்லாம் துணி சுத்திட்டு, கோவில் பையாட்ட ஒரு மஞ்சப்பை வெச்சுட்டு. 'இதுல ஊத்துங்க'ன்னுது. எனக்குச் சங்கடமாப் போச்சுங்க. குடிச்சுட்டு, அதுலயே கழுவி, அதோ அந்த ஓரத்துல கொண்டுபோய்த் தண்ணிய ஊத்துச்சு. அப்பறம் எலுமிச்ச மிட்டாய் பாட்டிலக் காட்டி, இருக்கறது பூராவும் குடுங்கன்னு வாங்கிட்டுப் போச்சுங்க."

"எலுமிச்சை மிட்டாயா?" மேடத்தின் புருவம் ஏறியது.

"புளிப்பு மிட்டாயிங்க. வாங்கறப்பவே ரெண்டு வாயில."

"திருட்டுப் பொருளோட மிட்டாய் சப்பிட்டு மலையேறியிருக்கா பாருங்க மேடம்!" என்றேன். "அவள மட்டும் நான் பாத்தேன்..."

பக்கத்துப் பெஞ்சில் போண்டா தின்றுகொண்டிருந்தவர் பஸ் கண்டக்டர் சுரேந்தர். கீழ்நாட்டுக்காரர், இந்தத் தடத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். அவரே வாயைத் திறந்தார்.

"அந்தம்மாவா? நல்லா ஞாபகம் இருக்குதுங்க. கடைசி சீட்டுல ஜன்னலோரம் தனியா உக்காந்துச்சு. ரெண்டாவது வளைவுல கைக்கொழந்தையோட ஒரு புள்ள ஏறி, அது பக்கத்துல போய் உக்காரப் போச்சு. இது நெருப்பு மேல உக்காந்தாப்புல எந்திரிச்சிருச்சுங்க. பின்படிக்கட்டு ஓரமாப் போயி நின்னுட்டுது. 'முன்னாடி எடம் இருக்குது, போய் உக்காரும்மா'ன்னேன், 'இருக்கட்டும் கண்ணு'ன்னுது. மிச்சம் அறுவத்தெட்டு வளைவும் நின்னுட்டேதான் வந்துச்சு. முன்சீட்டுல ஒரு மனுசன், வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பி அதையே பாத்துட்டு வந்தாரு. ஒரு வார்த்த பேசிக்கல. புருசன் பொண்டாட்டி சண்டையாட்டம் இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்."

மேடம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஒரு மாதிரியான அமைதி. முட்டை லாரி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அப்படி வரும்.

"என்னங்க மேடம்?"

"ஏறு."

எழுபது வளைவு. மலையில் பிறந்து, மலை வளைவில் வாந்தி எடுக்கும் ஒரே பிறவி நான்தான் என்று எடப்புளி நாட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பன்னிரண்டாவது வளைவில் ஒரு முறை, இருபத்தேழில் ஒரு முறை அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். சின்ன வயதில் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அக்கா என் நெற்றியைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருப்பாள். இப்போது அந்த இடத்தில் ஹெல்மெட் இருந்தது.

"கார்த்தி, ஒண்ணு யோசி," என்றார் மேடம், முப்பத்தெட்டாவது வளைவில் நான் மூன்றாம் முறை வாயைக் கழுவும்போது. "சாமான் என்னன்னு தெரியாதவ, கொழந்தையப் பாத்து ஏன் எந்திரிக்கணும்? தெரிஞ்சவ, அதை ஏன் மடியில வெச்சுட்டுப் போகணும்?"

"பைத்தியமா இருக்கும்."

"பைத்தியம் தன்னோட டம்ளரைத் தனியா கழுவி ஓரத்துல ஊத்தாது." அவருடைய போன் கூவியது. படித்தார். "இன்ஸ்பெக்டர். கருவி கெடச்சிருச்சு."

"எங்க? கொட்டாய்லயா?"

"வேலைத்தளத்துலயே. லாரியில தார்ப்பாய்க்கு அடியில தூங்கிட்டு இருந்திருக்குது. பூட்டு ஒடையல. உள்ள துண்டு பத்திரமா இருக்குது. அது மலையேறவே இல்ல கார்த்தி."

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு நிமிடம் நிம்மதியாக அழுதிருப்பேன். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினேன்.

"அப்ப பதினேழுல தொள்ளாயிரம்?"

மேடம் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். வேறு ஒன்று கேட்டார். "உங்க அக்கா மகளிர் குழுவோட கோவில் டூர் போனாங்கன்னியே. எந்தக் கோவில்?"

"பழனிங்க. அப்பறம் திருச்செந்தூர். பத்து நாள் டூர், இந்த வாரந்தான் திரும்பினா."

"பஞ்சாமிர்தம் வந்துச்சா?"

"இல்லீங்க. மறந்திருப்பா."

"நம்ம பக்கத்துல பழனி போயிட்டு பஞ்சாமிர்தம் வாங்க மறந்த ஒருத்தரைக் காட்டு, நான் தொழிலை விட்டுடறேன்." பைக்கை உதைத்தார். "உங்க மாமா மெசேஜைத் திரும்பப் படி. பல்லி கெட்டுப்போச்சுன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. உனக்கு எதாச்சும் தெரியுதான்னு ரெண்டு தடவை கேட்டிருக்காரு. கோளாறு சொன்னவர் இல்ல. உனக்குத் தெரிஞ்சிருச்சோன்னு பயந்தவர்."

"என்ன தெரிஞ்சிருச்சோன்னு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

முதலாளியும், எதையும் நேரே சொல்லாத அக்கா வீட்டுக்காரர்கள் மாதிரியே ஆகிவிட்டார் என்று நினைத்தேன். மிச்சம் முப்பத்திரண்டு வளைவுக்கும் எனக்கு வாந்தி வரவில்லை. பயத்தில் அதுவும் மறந்துவிட்டது.

செம்மேட்டைத் தாண்டி, ரோடு முடிகிற இடத்தில் பைக்கை விட்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்தோம். கைப்பல்லி என் உள்ளங்கையில் சோம்பலாக எண்ணிக்கொண்டிருந்தது. டிக். டிக். இருபத்தெட்டு. ஒரு பலா மரத்தைத் தாண்டினோம். ஐம்பது. வடிகட்டி இருந்தால் இந்த இடத்தோடு கண்ணை மூடியிருக்கும். எண்பது. இருநூறு.

பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடந்தது. அந்தப் பக்கம், கொட்டாய் வாசலில், தன் டம்ளரைத் தானே கழுவிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

"அங்கியே நில்லு கண்ணு! கழியத் தாண்டாத!"

நான் தாண்டினேன். பல்லி கடுகு பொரிவது மாதிரி பொரிந்தது. மேடம் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அந்தச் சட்டை அக்கா எடுத்துக் கொடுத்தது. பட்டன் இரண்டு போயின.

"அக்கா, சாமான் எங்க இருக்குது? எடத்த மட்டும் காட்டு, நீ வெளிய வா!"

"சாப்புட்டியா கண்ணு?"

"அக்கா!"

"எளச்சுட்டியே. மேடம், இவன் சாப்புடறானுங்களா?"

அவள் கன்னம் புடைத்திருந்தது. உள்ளே ஒரு மிட்டாய். முகத்தில் துணி இல்லை. கழுத்தின் அடியில், குறுக்காக, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு ஓடியது. தைப்பொங்கலுக்கு நான் வந்தபோது அந்த இடத்தில் மப்ளர் சுற்றியிருந்தாள். குளிர் என்றாள். குரல் கட்டியிருந்தது. பல் பிடுங்கினேன் என்றாள். நான் மூன்று தட்டுப் பொங்கல் தின்றுவிட்டு நம்பினேன். எங்கள் வீட்டில் நானும் ஒரு வடிகட்டிதான்.

கைப்பல்லியை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தேன். கொட்டாய்ப் பக்கம் நீட்டினால் எண் இறங்கியது. மிளகு மூட்டைப் பக்கம் நீட்டினால் இறங்கியது. அக்கா இரண்டடி நகர்ந்தாள். எண்ணும் அவளோடு நகர்ந்தது.

"சாமானே இல்ல," என்றேன். "இல்லையா மேடம்?"

"ஆஸ்பத்திரியில குடுக்கற கதிர்வீச்சு மருந்து கார்த்தி," என்றார் மேடம் மெதுவாக. "கொஞ்ச நாளைக்கு ஒடம்புல இருந்து கதிர் வரும். அப்பறம் அதுவா அடங்கிரும். வாய்ல எச்சில் சுரப்பி கெடாம இருக்கத்தான் புளிப்பு மிட்டாய். கொழந்தைங்க பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க."

"கார் வெச்சுப் போகச் சொன்னாருங்க டாக்டரு," என்றாள் அக்கா, திருடியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. "கார் மலைக்கு வந்தா ஊரே கேக்கும். இவன் காதுக்குப் போயிரும். அதான் பஸ்ல நின்னுட்டே வந்துட்டனுங்க. அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே மேடம்? நானு கிட்டவே போகலீங்க."

"ஒண்ணும் ஆகாதுங்க. நீங்கதான் எந்திரிச்சுட்டீங்களே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உன்ற படத்துல போட்டிருப்பே. செவப்பா ஒரு பொட்டு, கீழ அத்தாயின்னு பேரு."

சிரிப்பு வந்தது. கூடவே மற்றதும் வந்தது. மூங்கில் கழிக்கு இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடமாக என் நெற்றியைத் தாங்கிய கை பன்னிரண்டடி தூரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாப்புட்டியான்னு கேக்காத. எளச்சுட்டேன்னு சொல்லாத. நேராச் சொல்லு. நீ பொழச்சுக்குவியா?"

அவள் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். வாய் திறந்தது. அந்தப் பழைய கேள்வி உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அது திரும்பிப் போனதையும் பார்த்தேன்.

"கழுத்துல புத்து வந்துச்சு சாமி. மார்கழியில அறுத்துட்டாங்க. துளி துளியா மிச்சம் இருந்தா அதையும் கொல்றதுக்கு இந்த மருந்து. இது மருந்துக்குக் கேக்கற புத்தாம், நெறையப் பேரு நல்லாயிடறாங்கன்னு டாக்டரு சொன்னாரு. ஆறு மாசங் கழிச்சு மறுக்கா பாக்கோணும். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பொழச்சுக்குவேன்."

என் கையிலிருந்த பெட்டி நிமிடத்துக்கு நானூறு என்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தாடையால் சுட்டிக்காட்டினாள்.

"பல்லியும் சொல்லுது பாரு."